மும்பை வீட்டில் பியானோ பழக எதை வாங்குவது: கீபோர்டா, டிஜிட்டல் பியானோவா, மரப் பியானோவா?

போன மாதம் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் டோம்பிவிலியிலிருந்து தினமும் தென் மும்பையின் சி.எஸ்.எம்.டி. நிலையம் வரை ரயிலில் போய்வரும் வங்கி அதிகாரி, வயது 46. இன்னொருத்தி மாட்டுங்காவில் இருக்கும் என் அத்தை மகள். சின்ன வயதில் பத்து வருஷம் பாட்டு கற்றவள். மூன்றாவது என் முலுண்ட் தோழி. பிள்ளைகள் இருவரையும் பியானோ வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருந்து காத்திருந்து அவளுக்கே ஆசை வந்துவிட்டது. மூவரும் கடைக்குப் போய், பத்தாயிரத்திலிருந்து பல லட்சம் வரை விலை கேட்டுக் குழம்பி, ஒன்றும் வாங்காமல் திரும்பியவர்கள்.

நான் செம்பூரில், ஒரு ஹால் ஒரு படுக்கையறை வீட்டில், 41 வயதில் தொடங்கினேன். முதலில் வாங்கியது எனக்கு ஒத்துவராத பெட்டி. அதிலேயே ஒரு வருஷம் போனது. பணம் போனதைவிட அந்த வருஷம் போனதுதான் இன்னும் உறுத்துகிறது. அதனால் அவர்களுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## முதலில் எதைப் பார்ப்பது

எல்லோரும் கட்டைகளின் எண்ணிக்கையில்தான் ஆரம்பிக்கிறார்கள். 61 போதுமா, 88 வேண்டுமா? அதைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பேன். மொசார்ட் வைத்திருந்த பியானோவிலேயே 5 ஆக்டேவ் (ஸ்தாயி), 61 கட்டைதான் இருந்தது. புதிதாகப் பழகுகிறவருக்கு முதல் வருஷம் முழுக்க அதைத் தாண்டிக் கை போக வேண்டிய அவசியம் அநேகமாக வராது.

முதலில் பார்க்க வேண்டியது, நம் விரல் செய்வது சத்தத்தில் தெரிகிறதா என்பதை. சுமார் 1700-இல் இத்தாலியில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி பியானோவை உருவாக்கியதே இதற்காகத்தான். அதற்கு முன் இருந்த ஹார்ப்சிகார்டில் கட்டையை எப்படி அழுத்தினாலும் சத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவு. அவர் கம்பியை மீட்டுவதை விட்டுச் சின்னச் சுத்தியலால் அடிக்க வைத்தார். மெதுவாக அழுத்தினால் மெலிதாகவும், வேகமாக அழுத்தினால் ஓங்கியும் கேட்டது. பியானோ என்ற பெயரே மெலிது, பலம் என்ற இரண்டு இத்தாலியச் சொற்களைச் சேர்த்து வைத்த நீளப் பெயரின் சுருக்கம். இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டாத கருவியில் பழகினால் விரல் ஒரே அழுத்தத்துக்குப் பழகிவிடும். பிறகு அதை மாற்றுவது, புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

இரண்டாவது, சத்தம். வேலை முடிந்து, ரயில் பிடித்து, சமையல் முடித்து உட்காரும்போது மணி பத்தாகிவிடும். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே ஒரு சுவர்தான். இரவு பத்தரைக்கு வாசிக்க முடியாத கருவியை நம்மில் பலர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தொடுவார்கள்.

மூன்றாவது, இடம். அதோடு வீடு மாற்றும் தொல்லை. வாடகை வீட்டுக்காரர்களுக்கு 11 மாத ஒப்பந்தம் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, என்ன வாசிக்க ஆசை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் முடிவை மாற்றுவது இதுதான். ஐந்தாவதாக, பெட்டியோடு சேர்ந்து வரும் மற்ற செலவுகள்.

## 61 கட்டைக் கீபோர்டு

விலை சுமார் 8,000 முதல் 20,000 ரூபாய். எடை நாலைந்து கிலோ. நூற்றுக்கணக்கான ஒலிகள், தாளங்கள், பல மாடல்களில் பேட்டரியிலும் ஓடும் வசதி.

நான் முதலில் வாங்கியது இந்த வகையில் மிக மலிவான ஒன்று. "ஆரம்பத்துக்கு இது போதும் மேடம்" என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பினேன். அழுத்தும் வேகத்தை உணரும் வசதி அதில் இல்லை. தட்டினால் சத்தம், அவ்வளவுதான். ஒரு வருஷம் கழித்து ஓர் ஆசிரியையிடம் சேர்ந்தேன். அவர் வீட்டு மரப் பியானோவில் முதல்முறை மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தியபோது இரண்டுதான் கேட்டன. மோதிர விரலுக்குக் கீழிருந்த கட்டை பாதிவரை இறங்கி, ஒலிக்காமலே நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் இரண்டுதான். ஒரு வருஷமாக அந்த விரல் வேலையே செய்யவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்காகக் கீபோர்டே கூடாது என்று சொல்ல மாட்டேன். சில ஆசைகளுக்கு அதுதான் சரி. தாளத்தோடு சினிமாப் பாட்டு வாசிக்க வேண்டும், பஜனையில் கூட வாசிக்க வேண்டும், கச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பவர்களுக்குப் பியானோ வீண் சுமை. இந்தியாவுக்கென்றே யமஹா விடும் பி.எஸ்.ஆர்.-ஐ என்ற கீபோர்டு வரிசையில் நம் ஊர் வாத்திய ஒலிகளும் தாளங்களும் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. பியானோவில் கமகம் வராது. ஒவ்வொரு கட்டையும் ஒரு ஸ்வரத்தில் நின்றுவிடும், அதை அசைக்க வழியில்லை. சில கீபோர்டுகளின் இடது ஓரத்தில் சுருதியை வளைக்கும் சக்கரம் இருக்கும். பழகிய கை அதை வைத்து ஓரளவு கமகம் கொண்டுவரும். கர்நாடக சங்கீதம்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் அந்தச் சக்கரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் இசைத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், பியானோவுக்கு ஒரு பாடத்திட்டம், எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கு வேறொரு பாடத்திட்டம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கீபோர்டில் இடது கை பெரும்பாலும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) பிடித்துத் தானியங்கித் தாளத்தை ஓட்டும். பியானோவில் இடது கைக்கு வலது கையளவு வேலை உண்டு. பாதி வழியில் மாறினால் இடது கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்தது, பியானோதான் குறிக்கோள் என்றால் ஒரு வருஷத்தில் இன்னொரு பெட்டி வாங்குவீர்கள். பழையதை விற்றால் பாதி விலை வருவதே பெரிய விஷயம்.

எப்படியானாலும் வேகத்தை உணராத கீபோர்டு வேண்டாம். பெட்டியின் மேல் 'டச் ரெஸ்பான்ஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சுருட்டி வைக்கும் ரப்பர் பியானோ பக்கம் போகவே வேண்டாம்.

## கனமான 88 கட்டை, ஸ்டாண்டில் வைக்கும் டிஜிட்டல் பியானோ

கடைக்காரர்கள் 'வெயிட்டட் கீ' என்பார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் எடையுள்ள ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். கட்டையை அழுத்தும்போது அதைத் தூக்கிக்கொண்டுதான் விரல் இறங்கும். இடது பக்கக் கட்டைகள் கொஞ்சம் கனமாகவும், வலது பக்கம் போகப் போக லேசாகவும் இருக்கும், மரப் பியானோ போலவே. கட்டைக்கு அடியில் இரண்டு அல்லது மூன்று உணரிகள். முதலாவதைத் தொட்ட நேரத்துக்கும் அடுத்ததைத் தொட்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டுத்தான் கருவி சத்தத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. பலத்தைவிட வேகம்தான் முக்கியம் என்பது மரப் பியானோவுக்கும் பொருந்தும். அங்கேயும் கடைசி நொடியில் சுத்தியல் கட்டையிலிருந்து விடுபட்டுப் பறந்துபோய்க் கம்பியை அடிக்கிறது.

யமஹா பி-145, ரோலண்ட் எஃப்.பி-10, கேசியோ சி.டி.பி.-எஸ்110, கவாய் இ.எஸ்120 எல்லாம் இந்த வகை. விலை சுமார் 35,000-இல் தொடங்கும். எடை 10 முதல் 13 கிலோ. நீளம் 130 சென்டிமீட்டரை ஒட்டி. ஹாலில் டிவிக்கு எதிர்ச் சுவரிலோ படுக்கைக்கு அருகிலோ வைத்துவிடலாம். நான் இப்போது வாசிப்பது எஃப்.பி-10. இவற்றில் எது சிறந்தது என்று வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட, நேரில் போய் ஒரு மணி நேரம் தொட்டுப் பார்ப்பது பயன்.

தோபி தலாவ் பக்கம் இசைக்கருவிக் கடைகள் இருக்கின்றன. 1865-இல் தொடங்கிய ஃபர்ட்டாடோஸ் கடையும் அங்கேதான். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து நடந்தே போகலாம். வார நாளில் காலையில் போங்கள், கூட்டம் இருக்காது. வாசிக்கத் தெரியாதே என்று கூச்சப்பட வேண்டாம். இந்த மூன்றைச் செய்து பாருங்கள்.

ஒரு கட்டையை மிக மிக மெதுவாக, சத்தமே வராதபடி கீழே வரை அழுத்துங்கள். மரப் பியானோவில் அப்படி அழுத்த முடியும். நல்ல டிஜிட்டலிலும் முடியும்.

அதே கட்டையைப் பத்துத் தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி அழுத்துங்கள். சத்தம் படிப்படியாக ஏற வேண்டும். மெலிது, நடுத்தரம், பலம் என்று மூன்றே படியில் தாவினால் அடுத்த மாடலுக்குப் போங்கள்.

கடைசியாக, கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடுங்கள். அவை இரண்டாகவும் மூன்றாகவும் சேர்ந்து இருக்கும். மூன்று இருக்கும் கூட்டத்தில் இடது ஓரத்தில் உள்ளதை ஸட்ஜமாக வைத்து வரிசையாக வலது பக்கம் போனால் மோகனம் தானாக வரும். ஒரு வெள்ளைக் கட்டையும் வேண்டாம். காதுக்குப் பழகிய ராகம் என்பதால் எந்தக் கருவியில் ஒலி உயிரோடு இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். கறுப்புக் கட்டையின் பின்பகுதியிலும் அழுத்திப் பாருங்கள். மெல்லிய சில மாடல்களில் அந்த இடம் விறைப்பாக இருக்கும்.

இனி செலவு. பெட்டியோடு வரும் பெடல் பெரும்பாலும் சின்ன பிளாஸ்டிக் சதுரம், மிதித்தால் தரையில் நகர்ந்துகொண்டே போகும். உண்மைப் பெடல் போன்ற கனமான ஒன்று தனியாக வாங்க வேண்டும். எக்ஸ் வடிவ ஸ்டாண்டு மலிவு, ஆனால் பலமாக வாசித்தால் ஆடும், முழங்காலும் இடிக்கும். மேஜை போன்ற ஸ்டாண்டு நல்லது. உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல், ஹெட்போன், தூசு படாமல் ஒரு துணி உறை. எல்லாம் சேர்ந்து 8,000 முதல் 12,000 வரை ஆகும். நாற்பதாயிரம் என்று நினைத்துப் போகிறவர் ஐம்பதாயிரம் எடுத்துப் போக வேண்டும்.

ஹெட்போன் போட்டால் சத்தமே வெளியே போகாது என்று நானும் நம்பியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து, லிஃப்டில் கீழ் வீட்டு மாமி கேட்டார்: "ஏம்மா, ராத்திரி பத்தரை மணிக்கு மேல டொக் டொக்னு கேக்கறதே, உரல் ஏதாவது இடிக்கறியா?" கனமான கட்டை அடிமட்டத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்வு ஸ்டாண்டின் கால் வழியாகத் தரைக்கு இறங்கி, அவர் வீட்டுக் கூரை வழியாகக் கேட்டிருக்கிறது. ஜிம்மில் தரையில் போடும் தடித்த ரப்பர் பாயை இரண்டு அடுக்காக விரித்து அதன் மேல் ஸ்டாண்டை வைத்தேன். அன்றிரவே மாமியைக் கேட்டுப் பார்த்தேன். "இப்ப ஒண்ணும் தெரியலை, நீ பாட்டுக்கு வாசி" என்றார். கருவி வாங்கும் அன்றைக்கே பாயையும் வாங்கிவிடுங்கள்.

மழைக்காலம் டிஜிட்டலையும் சும்மா விடுவதில்லை. உணரிகளின் ரப்பர் தொடுமுனைகளில் ஈரமும் தூசும் படிந்தால் ஒரு கட்டை மட்டும் திடீரென்று அலறும், அல்லது ஊமையாகிவிடும். பழுது சின்னதுதான், சுத்தம் செய்தால் போதும். ஆனால் முழுப் பெட்டியையும் பிரிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் துணி போர்த்துவது இந்தச் செலவைத் தள்ளிப்போடும்.

ஆனால் உறைக்குள் வைத்துக் கட்டிலுக்கு அடியில் மட்டும் தள்ளிவிடாதீர்கள். எப்போதும் ஸ்டாண்டில், ஸ்விட்சைப் போட்டால் வாசிக்கும்படி நிற்கட்டும். வயது வந்தவர்கள் பழகுவது ஒரு மணி நேர ஓய்வில் அல்ல. குக்கர் இறங்குவதற்குள் கிடைக்கும் பத்து நிமிஷத்தில், படுக்கப் போகுமுன் கால் மணி நேரத்தில்தான். எடுத்து விரித்து மாட்டவே பத்து நிமிஷம் ஆனால் அன்றைக்குப் பழக்கம் நடக்காது.

## கால்களோடு வரும் டிஜிட்டல் பியானோ

யமஹா ஒய்.டி.பி-145 போன்றவை. மரச்சாமான் மாதிரி அழகாக இருக்கும், மூன்று பெடலும் பொருத்தியே வரும், ஸ்பீக்கர் நன்றாக இருக்கும், மூடி உண்டு. எடை 38 கிலோ, விலை ஒரு லட்சத்தை ஒட்டி. சொந்த வீடு, வாசிக்க இரண்டு மூன்று பேர் என்றால் நியாயமான வாங்கல். ஆட்டமில்லாத ஸ்டாண்டும் பெடலும் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் மேல்செலவு குறைவு. வாடகை வீட்டுக்காரருக்கு வேண்டாம். ஒவ்வொரு முறையும் திருகு கழற்றி மாட்ட ஆள் தேட வேண்டியிருக்கும், நாலைந்து முறை கழற்றிய பிறகு பழைய உறுதியும் இருக்காது.

## மரப் பியானோ

இதன் ஒலிக்கு ஈடு இல்லை. கம்பியும் பலகையும் அதிர்வதை விரல் நுனியில் உணரலாம். என் ஆசிரியை வீட்டில் உட்கார்ந்து வாசிக்கும் அரை மணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன்.

ஆனால் மும்பையில் ஒரு தொடக்கக்காரர் இதை வாங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் வகையே 200 கிலோவை ஒட்டி இருக்கும். புதியது பல லட்சம். கோவா, பார்சிக் குடும்பங்களில் தலைமுறையாக இருந்தவை சில சமயம் விற்பனைக்கு வரும், விலையும் ஆசை காட்டும். உள்ளே சுமார் 230 கம்பிகள், மொத்த இழுவிசை பல டன். அந்த இழுவையைத் தாங்கும் ஆணிகள் பழைய மரத்தில் தளர்ந்திருந்தால் சுருதி நிற்கவே நிற்காது. கரையான், துரு, பூச்சி அரித்த கம்பளிப் பட்டை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சுருதி கூட்டத் தெரிந்த ஒருவரை அழைத்துப்போய்க் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு ஜூன் வரும். காற்றில் ஈரம் ஏறினால் ஒலிப்பலகை உப்பும், சுருதி கூடும். ஈரம் இறங்கினால் சுருதியும் இறங்கும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சுருதி கூட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் சில ஆயிரம். ஈரத்தை விரட்ட உள்ளே சின்ன பல்பு எரியவிடுகிறவர்களும் உண்டு. ஹெட்போன் கிடையாது. சுருதியை மாற்றும் பொத்தானும் கிடையாது. வீட்டில் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறவர் இருந்தால், டிஜிட்டலில் ஒரு பொத்தானை அழுத்தி அந்தச் சுருதிக்கு மாறிவிடலாம். இங்கே விரலையே மாற்றிப் பழக வேண்டும்.

தரைத்தளத்தில் சொந்த வீடு, பகலில் வாசிக்க நேரம், நாலைந்து வருஷம் டிஜிட்டலில் பழகிய கை. இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

## ஒரே பார்வையில்

| | 61 கட்டைக் கீபோர்டு | ஸ்டாண்டில் 88 கட்டை | கால்களோடு டிஜிட்டல் | மரப் பியானோ |
|---|---|---|---|---|
| விலை (சுமார்) | 8,000–20,000 | 35,000 முதல் | ஒரு லட்சத்தை ஒட்டி | பழையது லட்சத்தில், புதியது பல லட்சம் |
| மேல்செலவு | ஸ்டாண்டு. பிறகு இன்னொரு கருவி | 8,000–12,000 | ஸ்டூல், ஹெட்போன், பாய் | சுருதி, ஈரப் பாதுகாப்பு, வருஷா வருஷம் |
| விரல் பழக்கம் | குறைவு | நன்று | நன்று | மிக நன்று |
| இரவு 10-க்கு மேல் | முடியும் | முடியும், அடியில் பாய் போட்டு | முடியும், அடியில் பாய் போட்டு | முடியாது |
| வீடு மாற்ற | கையில் தூக்கலாம் | இரண்டு பேர், ஒரு டாக்ஸி | ஆள் வைத்துக் கழற்றி | தனி வண்டி, தனி ஆட்கள் |

## மூவருக்கும் சொன்னது

அத்தை மகளுக்குக் கீபோர்டு. அவளுக்கு ராகம் வாசிக்கவும் மகள் பாடும்போது கூட வாசிக்கவும்தான் ஆசை. சுருதிச் சக்கரமும் விரல் வேகத்தை உணரும் கட்டையும் உள்ள ஒன்றை 15,000-க்குள் பார்க்கச் சொன்னேன். "88 கட்டை இல்லேன்னா குறைச்சலா இருக்காதா?" என்று இரண்டு முறை கேட்டாள். அவள் பாடும் மூன்று ஸ்தாயிக்கு 5 ஆக்டேவே அதிகம்.

முலுண்ட் தோழிக்குச் சொந்த வீடு, பிள்ளைகள் இருவரும் தேர்வுக்குத் தயாராகிறார்கள், இவளும் சேர்ந்து பழகப் போகிறாள். கால்களோடு வரும் வகையே அவளுக்குச் சரி. மூன்று பேர் மாறி மாறி உட்காருவதால் உயரம் மாற்றும் ஸ்டூலில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்றேன்.

வங்கி அதிகாரிக்கு முடிவெடுக்கத்தான் நேரமானது. முதலில் மலிவான கீபோர்டு வாங்கிப் பார்த்து, ஆசை நிலைத்தால் பெரியதற்குப் போகலாம் என்பது அவர் எண்ணம். என் மோதிர விரல் கதையைச் சொன்னேன். பழைய டிஜிட்டல் பியானோ ஒன்றைப் பாருங்கள், ஆசை போய்விட்டாலும் வாங்கிய விலையை ஒட்டி விற்றுவிடலாம், கீபோர்டை அப்படி விற்க முடியாது என்றேன். டோம்பிவிலியிலேயே இரண்டு வருஷம் பழகிய ஒன்று கிடைத்தது. 88 கட்டையையும் ஒவ்வொன்றாக மெலிதாகவும் பலமாகவும் அழுத்திப் பார்க்கச் சொல்லியிருந்தேன். பார்த்ததில் ஒரு கட்டை அலறியது. அதைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கி, சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டார்.

பியானோ கற்றுத்தரும் செயலி ஒன்றையும் ஃபோனில் போட்டிருக்கிறார். எந்தக் கட்டை தப்பு என்று அது சொல்லும், மணிக்கட்டு விறைத்திருப்பதைச் சொல்லாது. மாதத்துக்கு இரண்டு முறையாவது ஆசிரியரிடம் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் இரவு பதினொரு மணிக்கு ஃபோன் செய்தார். மோகனம் வாசித்துக்கொண்டிருந்தாராம். "மூணு கறுப்புக் கட்டையில கடைசிக் கட்டைய ஸ-ன்னு வெச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன். எனக்குத் தெரிஞ்ச வேற ஏதோ ராகம் வருதே, அது என்ன?" ஃபோனைப் பியானோ பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கேட்டேன். ஹிந்தோளம்.